எல்லை என்ற சொல்

விஞ்ஞானப் புத்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஒரு நாவலாசிரியனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். கணக்கைச் சரிபார்க்கும் யோக்கியதை எனக்கு இல்லைதான். ஆனால் ஒரு மனிதன் எப்படி யோசித்தான், எந்த இடத்தில் தயங்கினான், எதை எழுதி எதை ஒதுக்கி வைத்தான் என்று பார்ப்பது என் தொழில். அந்தத் தொழிலுக்கு வேண்டிய விஷயம் நிறைய உள்ள புத்தகம் ஒன்றைச் சமீபத்தில் படித்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

புத்தகத்தின் பெயர் ‘மெல்ட்டிங் ஹாட்ரான்ஸ், பாய்லிங் குவார்க்ஸ்’. உருகும் ஹாட்ரான்கள், கொதிக்கும் குவார்க்குகள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். 2016-ல் ஸ்பிரிங்கர் கம்பெனி வெளியிட்டது. யோஹான் ராஃபெல்ஸ்கி என்ற பௌதிக விஞ்ஞானி தொகுத்தது. 2003-ல் காலமான ரோல்ஃப் ஹாகடார்ன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானிக்கு அஞ்சலியாக வந்தது. நானூறு பக்கங்களுக்கு மேல் ஓடுகிறது. இந்த மாதிரிப் புத்தகங்களின் விலை நம்மவர்கள் எட்டிப் பிடிக்கக் கூடியதல்ல. ஆனால் இதைப் பதிப்பகத்தாரே இணையத்தில் இலவசமாகப் படிக்க விட்டிருக்கிறார்கள். அதற்காகவே ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

அஞ்சலி மலர் என்றால் எனக்குப் பொதுவாகப் பயம். நம் ஊர் மணிவிழா மலர்களைப் புரட்டியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. விழா நாயகர் பிறந்தபோதே மேதை. எடுத்த காரியம் எல்லாம் ஜயம். அவரிடம் பழகியவர்கள் எல்லோரும் பாக்கியசாலிகள். படித்து முடித்த பிறகு அந்த மனிதரைப் பற்றி ஒன்றுமே தெரியாது. இந்தப் புத்தகத்திலும் அந்த ரகக் கட்டுரைகள் உண்டு. ஆனால் நடுவில் ஹாகடார்ன் தாமே எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. அவற்றால்தான் மலர் பிழைத்தது.

மனிதரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாகடார்ன் 1919-ல் பிறந்தவர். 1937-ல் பள்ளிப் படிப்பை முடித்ததும் ராணுவத்துக்கு இழுக்கப்பட்டார். யுத்தம் வந்தது. வடக்கு ஆப்பிரிக்காவில் ரோமலின் படையில் அதிகாரியாக இருந்து 1943-ல் பிடிபட்டு, அமெரிக்காவில் யுத்தக் கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டார். முகாமில் இருந்தவர்கள் பெரும்பாலும் வாலிபர்கள்; பொழுது போகவில்லை. ஒருவருக்கொருவர் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்து, ஒரு சர்வகலாசாலை மாதிரி நடத்திக்கொண்டார்கள். டேவிட் ஹில்பர்ட் என்ற பெரிய கணித மேதையிடம் உதவியாளராக இருந்த ஒருவரும் அங்கே கைதியாக இருந்தார். அவரிடம்தான் ஹாகடார்ன் கணிதம் கற்றது. 1946-ல் இருபத்தாறு வயது மனிதராக அவர் கெட்டிங்கன் சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது, முகாமில் படித்த படிப்பை மதித்து அவரை நேரே நாலாவது அரையாண்டில் சேர்த்துக்கொண்டார்கள். 1954-ல், ஹைஸன்பர்கின் சிபாரிசில், அப்பொழுதுதான் ஜினீவாவுக்குப் பக்கத்தில் உருவாகிக்கொண்டிருந்த ஸெர்ன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தார். கடைசிவரையில் அவர் பெயர் அந்த இடத்தோடுதான் சேர்த்துச் சொல்லப்பட்டது.

இந்த வரலாற்றைப் புத்தகம் சொல்கிறது. ஆனால் அவசர அவசரமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. யுத்தத்தில் தோற்ற படையின் கைதி ஒருவன், முள்வேலிக்குள் உட்கார்ந்து, இன்னொரு கைதியிடம் கணக்குப் படித்தான் என்பதற்கு ஒரு தனி அத்தியாயமே கொடுத்திருக்கலாம். நினைவுக் கட்டுரை எழுதிய நண்பர்கள் எந்த மாநாட்டில் எந்த வருஷம் சந்தித்தோம் என்று ஞாபகமாகச் சொல்கிறார்கள். அந்த முகாமில் அவருடைய மனசு எப்படி இருந்தது என்று கேட்டு எழுதியவர்கள் குறைவு. விஞ்ஞானிகளுக்கு இதெல்லாம் விஷயமாகப் படுவதில்லை போலிருக்கிறது. எனக்குப் படுகிறது.

இனி அவர் ஆராய்ச்சி. ஒரு பிரோட்டானை மிகுந்த வேகத்தில் இன்னொரு பிரோட்டானோடு மோத விட்டால், புதிய துகள்கள் பலவாக வெளியே தெறிக்கின்றன. எவ்வளவு வரும், எந்தத் திசையில் வரும் என்பதைக் கணக்கிட வேண்டும். 1959-ல் ஓட ஆரம்பித்த ஸெர்ன் யந்திரத்துக்கு அந்தக் கணக்கு அவசியமாக இருந்தது. 1950-ல் என்ரிக்கோ ஃபெர்மி ஒரு வழி சொல்லியிருந்தார். மோதிய இடத்தைச் சின்னஞ்சிறிய அடுப்பு மாதிரி பாவித்து, உஷ்ணத்தின் விதிகளைக் கொண்டே கணக்குப் போடலாம் என்பது அது. ஹாகடார்ன் அந்த வழியில் போனார்.

போனபோது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. மோதலின் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும், மோதும் திசைக்குக் குறுக்காகத் தெறிக்கிற துகள்களின் வேகம் அதற்குத் தகுந்தபடி கூடவில்லை. உள்ளே விறகு மேலும் மேலும் போடப்படுகிறது; அடுப்பின் உஷ்ணம் மட்டும் ஏறக்குறைய ஒரே நிலையில் நிற்கிறது. அப்படியானால் போட்ட விறகெல்லாம் எங்கே போயிற்று?

இதற்கு ஹாகடார்ன் கண்ட பதிலை ஒரு குடும்பக் கணக்காகச் சொன்னால் நமக்குப் புரியும். ஒரு வீட்டில் வருமானம் இரட்டிக்கிறது. ஆளுக்கு இரண்டு பங்கு கிடைக்க வேண்டியதுதானே? ஆனால் வருமானம் கூடிய சேதி கேட்டு உறவினர்கள் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். வருமானம் இன்னும் கூடுகிறது. உறவினர்களும் இன்னும் அதிகமாக வருகிறார்கள். எவ்வளவு வந்தாலும் ஆளுக்குக் கிடைக்கிற பங்கு பழைய பங்குதான். அதே போல, மோதலில் கொட்டுகிற சக்தி, இருக்கிற துகள்களை வேகமாக ஓட வைப்பதில் செலவாவதில்லை. புதுப் புது வகையான, மேலும் மேலும் கனமான துகள்களைச் சிருஷ்டிப்பதில் செலவாகிவிடுகிறது. கனம் கூடக் கூட, துகள்களின் வகைகள் பெருக்கல் வேகத்தில் பெருகுகின்றன. ஆகவே உஷ்ணத்துக்கு ஒரு உச்சம் உண்டு. அந்த உச்சம் ஏறக்குறைய 1.8 லட்சம் கோடி டிகிரி. சூரியனின் மையத்தில் இருப்பது சுமார் ஒன்றரைக் கோடி டிகிரிதான். அதைப் போல லட்சம் மடங்குக்கும் மேலான உஷ்ணம் இது. அதற்கு மேல் பிரபஞ்சத்தில் உஷ்ணமே கிடையாது என்று 1965-ல் பிரசுரமான கட்டுரையிலிருந்து தெரிந்தது.

இந்த இடத்தில்தான் புத்தகத்தின் மிகச் சுவாரஸ்யமான பகுதி வருகிறது. 1965 கட்டுரைக்கு முன்னால், 1964 அக்டோபரில், ஹாகடார்ன் வேறொரு கட்டுரை எழுதியிருந்தார். ஸெர்ன் அலுவலகத்தில் எண் போட்டுப் பிரதிகள்கூட எடுத்தாகிவிட்டது. பிறகு அவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பத்திரிகைக்கு அனுப்பவில்லை. அவர் காலமான பிறகு அந்தப் பிரதியைத் தேடி எடுத்து ராஃபெல்ஸ்கி இந்தப் புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறார்.

ஆசிரியன் வேண்டாம் என்று ஒதுக்கியதை மற்றவர் எடுத்துப் பிரசுரிக்கலாமா? இலக்கியத்தில் இது பழைய வழக்கு. தன் கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் எரித்துவிடச் சொல்லிவிட்டு 1924-ல் காஃப்கா இறந்தார். நண்பர் மாக்ஸ் பிராட் எரிக்கவில்லை. அடுத்த வருஷமே நாவலை அச்சில் கொண்டுவந்தார். பிராட் செய்ததால் உலகத்துக்கு லாபம். ஆனால் அந்த லாபத்தைக் காட்டி, ஒரு எழுத்தாளனின் குப்பைக்கூடையைக் கிளறுகிறவர்கள் எல்லோரும் நியாயம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எழுத்தாளன் கிழித்துப் போட்ட காகிதத்துக்கும் ஒரு மரியாதை உண்டு என்பது என் கட்சி. இது போதாது என்று அவன் தீர்மானித்தான். அந்தத் தீர்மானமும் அவன் எழுத்தில் சேர்ந்ததுதான்.

ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் ராஃபெல்ஸ்கி செய்தது சரி என்றுதான் சொல்வேன். காரணம் சொல்கிறேன்.

ஒரே வகைத் துகள்கள் ஒன்றுக்கொன்று அடையாள வித்தியாசம் இல்லாதவை என்பது பௌதிகத்தின் அடிப்படைப் பாடம். இந்தப் பயானுக்கும் அந்தப் பயானுக்கும் இடையே மச்சம், தழும்பு என்று எதுவும் கிடையாது. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் தெரியவே தெரியாது. கணக்குப் போடும்போது இதை அனுசரித்துத்தான் போட வேண்டும். ஆனால் அப்படிப் போட்டால் சோதனையில் கண்டது கிடைக்கவில்லை. ஒவ்வொரு துகளுக்கும் தனித்தனி முகம் இருப்பதாக வைத்துக்கொண்டு போட்டால், உஷ்ணம் ஒரு நிலையில் நிற்கிற அந்த விசித்திரம் அழகாக வந்துவிடுகிறது! 1964 கட்டுரை இதைத்தான் சொல்கிறது. தலைப்பிலேயே ‘அடையாளம் காணக்கூடிய துகள்கள்’ என்று போட்டு, முடிவில் ஒரு கேள்விக்குறியும் வைத்திருக்கிறார்.

விதிப்படி தப்பு, விடை மட்டும் சரி. இந்த நிலையில் ஒரு மனிதன் என்ன செய்வான்? விடை வந்துவிட்டதே என்று பிரசுரித்துவிடலாம். விதிக்கு விரோதம் என்று கிழித்துப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். ஹாகடார்ன் இரண்டும் செய்யவில்லை. கட்டுரையை வாங்கி வைத்துக்கொண்டார். கேள்வியை மட்டும் விடவில்லை. துகள்களுக்கு முகம் இருப்பது போல ஏன் தோன்றுகிறது? ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு அங்கே அகப்படுவது அபூர்வமாக இருந்தால் அப்படித் தோன்றும். கல்யாணக் கூட்டத்தில் இரட்டைப் பிள்ளைகளைச் சந்திப்பது எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு அபூர்வம். அப்படியானால் துகள்களின் வகைகளே கணக்கில் அடங்காமல் இருக்க வேண்டும்! சில மாதங்களில் 1965 கட்டுரை பிறந்துவிட்டது.

ஒதுக்கப்பட்ட கட்டுரை இல்லாமல் பிரசுரமான கட்டுரையை மட்டும் படித்தால், ஞான திருஷ்டியில் தெரிந்தது போல எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான், ஒரு மனிதன் பொய்யான படி ஒன்றில் கால் வைத்து நிஜமான மாடிக்கு ஏறியது தெரிகிறது. காஃப்காவின் பிரதிகளைப் போல அல்ல இது. ஹாகடார்ன் இதைத் தாமே முடித்து உலகத்துக்குக் கொடுத்துவிட்டார். அந்த முடிவுக்கு இது சாட்சி. சாட்சியை வெளியிடுவது ஆசிரியனுக்குத் துரோகமாகாது. அவன் முடிக்காமல் ஒதுக்கியதையும், முடித்துக் கொடுத்தபின் மிச்சமாக நின்றதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

1965 கட்டுரையின் கற்பனை அசாதாரணமானது. கனமான துகள் என்பது என்ன? லேசான துகள்கள் சேர்ந்த ஒரு தீக்கோளம். அந்த லேசான துகள் என்ன? அதுவும் தீக்கோளம்தான். எந்தத் துகளை எடுத்தாலும் அது மற்றவற்றால் ஆனது, மற்றவையும் அப்படியே. ஆதித் துகள் என்று ஒன்று கிடையாது. ஹாகடார்ன் கையில் அப்பொழுது இருந்த துகள் பட்டியல் சிறியது. பிற்காலத்தில் கண்டுபிடிக்கப்பட்ட துகள்கள் ஒவ்வொன்றாக வந்து, அவர் வரைந்த கோட்டை ஒட்டியே உட்கார்ந்தன. நாவலில் ஒரு பாத்திரம் மற்ற பாத்திரங்களாலேயே ஆகி நிற்பது போல இருக்கிறது இது. நல்ல நாவலில் கதாநாயகன் என்று தனியாக ஒருவன் இருப்பதில்லை. இந்த ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க நான் விரும்பவில்லை. விஞ்ஞானத்தைத் தத்துவத்துக்கு உபமானமாக்கி ஜீவனம் செய்கிறவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

ஆனால் ஆதித் துகள் உண்டு என்று சொன்னவர்களும் அதே காலத்தில் இருந்தார்கள். 1964-லேயே முர்ரே ஜெல்மானும் ஜார்ஜ் ஸ்வைக்கும் தனித்தனியாக, பிரோட்டான் முதலானவை இன்னும் சிறிய உறுப்புகளால் ஆனவை என்று சொல்லிவிட்டார்கள். ஜெல்மான் அதற்குக் குவார்க் என்று பெயர் வைத்தார். ஜேம்ஸ் ஜாய்ஸின் கடைசி நாவலில் வருகிற சொல் அது. ஜாய்ஸைப் படித்து முடித்தவர்களைவிடக் குவார்க்கைப் பற்றிப் படித்தவர்கள் அதிகம். ஒரு நாவலாசிரியனுக்கு இப்படியும் ஒரு வழியில் வாசகர்கள் கிடைக்கிறார்கள்.

1975-ல் இத்தாலியர் இருவர், நிக்கோலா காபிபோவும் ஜார்ஜியோ பாரிஸியும், சில பக்கங்களே கொண்ட ஒரு கட்டுரையில் ஹாகடார்னின் எல்லைக்குப் புது அர்த்தம் சொன்னார்கள். அவர் கண்டது உஷ்ணத்தின் உச்சம் இல்லை. துகள்கள் துகள்களாக இருக்க முடிகிற கடைசி உஷ்ணம். தண்ணீர் நூறு டிகிரியில் நிற்பது போல. தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு நூறு டிகிரிதான் உலகத்தின் எல்லை. நீராவியைப் பார்த்தவனுக்கு அது ஒரு நிலைமாற்றம். எல்லைக்கு அப்பால் பிரோட்டான்களும் பயான்களும் கரைந்து, குவார்க்குகளும் அவற்றைக் கட்டி வைத்திருக்கிற குளுவான்களும் விடுதலையாகி நிற்கும். பிரபஞ்சம் பிறந்து ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும்வரையில் எல்லாமே அந்த நிலையில்தான் இருந்தன. (பாரிஸிக்கு 2021-ல் நோபல் பரிசு வந்தது; ஆனால் வேறு வேலைக்காக.)

தம் பெயரால் வழங்கிய எல்லை இனி எல்லை இல்லை என்று ஆனபோது ஹாகடார்ன் எப்படி நடந்துகொண்டார் என்பதில்தான் எனக்கு அக்கறை. நமக்குத் தெரிந்த எதிர் உதாரணம் ஒன்று இருக்கிறது. நம் சந்திரசேகர் 1930-ல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே ஒரு எல்லையைக் கணக்கிட்டார். எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய நட்சத்திரம் சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் கனமாக இருந்தால் வெண்குள்ளனாக நிலைத்து நிற்க முடியாது என்பது அது. 1935 ஜனவரியில் லண்டன் சபையில் எட்டிங்டன் அதைக் கேலி செய்தார். நட்சத்திரம் அப்படி அசட்டுத்தனமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். சந்திரசேகரின் எல்லை இன்றுவரை நிற்கிறது. அதைத் தாண்டிய நட்சத்திரங்கள் அணுக்கருப் பொருளே மலை போலக் குவிந்த நியூட்ரான் நட்சத்திரங்களாகவும், அதற்கும் மேலே போனால் கருந்துளைகளாகவும் ஆகின்றன. எட்டிங்டன் மகா மேதை; ஆனால் தமக்குப் பிடித்த சித்திரத்தைவிட்டுக் கடைசிவரையில் வெளியே வரவில்லை.

ஹாகடார்ன் வெளியே வந்தார். 1970களின் கடைசியில் ஸெர்னுக்கு வந்த ராஃபெல்ஸ்கி என்ற வாலிபருடன் சேர்ந்துகொண்டு, எல்லைக்கு அப்பால் என்ன இருக்கும் என்று கணக்கிட உட்கார்ந்தார். 1980-ஐ ஒட்டி இருவரும் எழுதிய கட்டுரைகள் இந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. அறுபது வயதில், தம் வீட்டுக் கூரையைப் பிரித்து மேலே என்ன இருக்கிறது என்று தாமே ஏணி வைத்துப் பார்க்கிற காரியம் இது. 1984-ல் ஹெல்ஸிங்கி மாநாட்டில் அவர் பேசிய பேச்சுக்கு, தட்டுத்தடுமாறி இந்த இடத்துக்கு எப்படி வந்தோம் என்று அர்த்தப்படும்படி தலைப்பு வைத்தார். ஞான திருஷ்டி உள்ளவர்கள் இப்படித் தலைப்பு வைக்க மாட்டார்கள். 1994-ல் எழுபத்தைந்தாவது வயதில் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்றும் இருக்கிறது. போன பாதையையெல்லாம் அதில் அவர் திரும்பிப் பார்க்கிறார். எங்கெங்கே முட்டிக்கொண்டார், யார் சொல்லி எது புரிந்தது என்பதெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. ஒரு எழுத்தாளனின் சுயசரிதையில் இந்த அளவு நேர்மை இருந்தால் நாம் கொண்டாடுவோம்.

பிறகு நடந்தது சோதனைகளின் கதை. 1986-லிருந்து ஸெர்னில் பிராணவாயு, கந்தகம் முதலியவற்றின் அணுக்கருக்களையும், 1994-லிருந்து ஈயத்தின் கருக்களையும் மோத விட்டார்கள். 2000 பிப்ரவரியில், குவார்க்குகள் விடுதலையான புது நிலைக்குச் சாட்சியம் கிடைத்துவிட்டது என்று ஸெர்ன் அறிவித்தது. அமெரிக்காவில் புரூக்ஹேவனில் இதற்கென்றே கட்டிய பெரிய யந்திரம் சில மாதங்களில் ஓட ஆரம்பிக்க இருந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அந்த அறிவிப்பைப் படிக்க வேண்டும். விஞ்ஞானிகளும் மனிதர்கள்தாம். அங்கே தங்கத்தின் கருக்களை மோதவிட்டு, 2005-ல் அவர்கள் சொன்ன செய்திதான் வேடிக்கை. ஆவி மாதிரி சிதறி ஓடும் என்று எதிர்பார்த்த பொருள் திரவம் மாதிரி வழிந்து ஓடியது! இரண்டு கருக்கள் நேருக்கு நேராக இல்லாமல் சற்று விலகி மோதும்போது, மோதிய பாகம் வாதாம் பருப்பு வடிவத்தில் இருக்கும். ஆவியாக இருந்தால் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி பறக்கும். பருப்பின் குறுகிய பக்கமாக அதிகம் பாய்ந்தது. திரவம்தான் அப்படிச் செய்யும். அதுவும் உள்ளுராய்வு மிக மிகக் குறைந்த திரவம். அதன் உஷ்ணம் 4 லட்சம் கோடி டிகிரி என்று 2010-ல் அறிவித்தார்கள். ஹாகடார்ன் சொன்ன எல்லைக்கு இரண்டு மடங்குக்கும் மேல்.

அப்படியானால் ஹாகடார்ன் தோற்றாரா? இந்தக் கேள்விக்குப் புத்தகம் தெளிவாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். புகழ்ச்சியின் நடுவில் பதில் மங்கிவிடுகிறது. நான் புரிந்துகொண்டவரையில் சொல்கிறேன். எவ்வளவு உஷ்ணத்துக்குப் போனாலும், அந்தத் துளி குளிர்ந்து திரும்பி வருகையில் குவார்க்குகள் மறுபடியும் துகள்களாகக் கட்டுப்பட வேண்டும். அப்பொழுது எந்தத் துகள் எத்தனை வந்தது என்று எண்ணிப் பார்த்து, அவை உருவான உஷ்ணத்தைக் கணக்கிடலாம். 2010-லிருந்து ஸெர்னின் புதிய பெரிய யந்திரத்தில் ஈயக் கருக்களை முன்னைவிடப் பன்மடங்கு சக்தியோடு மோதவிட்டு எண்ணினார்கள். கிடைத்த விடை, ஏறக்குறைய ஹாகடார்ன் சொன்ன அதே உஷ்ணம். எந்த உயரத்துக்கு ஏறினாலும் இறங்கி வருகிற வாசல் ஒன்றேதான். நாம் வசிக்கிற, பிரோட்டானும் நியூட்ரானும் உள்ள உலகத்துக்கு அவர் போட்ட எல்லை சரியான எல்லை. அதற்கு அப்பால் உலகமே இல்லை என்பது மட்டும் நிற்கவில்லை. எண் நிலைத்துவிட்டது, அர்த்தம் மாறிவிட்டது.

புத்தகத்தின் குறைகளையும் சொல்லாவிட்டால் விமரிசனம் ஆகாது. முதல் குறை தலைப்பு. ‘கொதிக்கும்’ என்ற சொல் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கொதிப்பது என்றால் ஒரு குறிப்பிட்ட உஷ்ணத்தில் பட்டென்று நிலை மாறுவது. ஆதிப் பிரபஞ்சத்தில் இருந்த மாதிரியான நிலைமையில் மாற்றம் அப்படிப் பட்டென்று நடப்பதில்லை, வெண்ணெய் இளகுவது போலச் சிறுகச் சிறுக நடக்கிறது என்று 2006-லேயே பெரிய கணக்கு யந்திரங்களைக் கொண்டு காட்டிவிட்டார்கள். தொகுப்பாசிரியருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் அழகுக்காக வைத்த தலைப்பு. நாங்கள் இதைச் செய்தால் அலங்காரம் என்று கண்டிப்பார்கள். ‘பிளாஸ்மா’ என்ற பெயரும் இதே ரகம்தான். 1978-ல் எட்வர்ட் ஷுர்யாக் பெயர் வைத்தபோது பொருளை யாரும் பார்த்ததில்லை. பார்த்தபோது அது திரவமாக இருந்தது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இரண்டாவது குறை, கூறியது கூறல். ஹாகடார்னின் உஷ்ணம் எப்படிப் பிறந்தது என்ற கதை ஒவ்வொரு கட்டுரையிலும் ஆரம்பத்திலிருந்து வருகிறது. மூன்றாவது பகுதியில் தொகுப்பாசிரியரின் சொந்த ஆராய்ச்சிகளே முன்னால் வந்து நிற்கின்றன. குருவுக்குச் செய்கிற அஞ்சலியில் சிஷ்யனுக்கும் ஒரு ஆசனம் போட்டுக்கொள்வதை நான் ஆட்சேபிக்கவில்லை. ஆசனம் கொஞ்சம் அகலமாகிவிட்டது என்றுதான் சொல்கிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு, இது படிக்க வேண்டிய புத்தகம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முழுவதையும் படிக்க வேண்டாம். என்னைப் போலக் கணக்குத் தெரியாதவர்கள் படிக்கவும் முடியாது. 1964-ல் ஒதுக்கிய கட்டுரைக்கு ராஃபெல்ஸ்கி எழுதிய முகவுரை, 1984 ஹெல்ஸிங்கிப் பேச்சு, 1994-ல் எழுதிய நீண்ட கட்டுரை, இந்த மூன்றையும் சமன்பாடுகளைத் தாண்டித் தாண்டிப் படித்தால் போதும். தன் பெயரில் வழங்குகிற எல்லையைத் தானே தாண்டிப் போன மனிதர் ஒருவரை அதில் சந்திக்கலாம். இலக்கியத்தில் ஒருமுறை ஒரு அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டு, அது தன் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்பதற்காகவே முப்பது வருஷம் அதைக் கட்டிக் காக்கிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் புத்தகத்தை அவசியம் படிக்க வேண்டும். படிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.